டை ராடு எண்ட் ரப்பர் பூட்: தனியாக வாங்கினால் தேறுமா?

டை ராடு எண்ட் என்பது ஸ்டியரிங் ராடைச் சக்கரத்தோடு இணைக்கும் ஜாயிண்ட். அதன் கிண்ணத்துக்குள் பந்து முனையுள்ள ஒரு பின் (pin) அசையும். உள்ளே இருக்கும் கிரீஸை மூடிக் காக்கும் ரப்பர் உறைதான் பூட். காவிரி டெல்டாவில் ஓடும் கார்களில் இந்த ரப்பர் சீக்கிரம் கிழிவதற்கு முதல் காரணம் இந்த ஊர் மண்ணுதான். நடவு சமயத்தில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர்கள் தார் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போகும் களிமண் சக்கரத்துக்குப் பின்னால் அப்பி, காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த ஓடு ரப்பர் மடிப்பை அராவும். அதைக் கழுவ வாட்டர் சர்வீஸில் பிரஷர் குழாயை நேராகக் காட்டினால், ரப்பரின் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். கிழிசலை விட இது மோசம், வெளியே தெரியவே தெரியாது. வேதாரண்யம் உப்பளப் பக்கம் ஓடும் வண்டிகளில் ரப்பர் நன்றாக இருக்கும்போதே அதைப் பிடித்திருக்கும் கம்பி வளையம் துருவேறி அறுந்துபோகும்.

கடைகளில் தனி பூட் மூன்று தினுசில் வருகிறது. 'எல்லா வண்டிக்கும் சேரும்' என்று பாக்கெட்டில் வரும் சாதா ரப்பர் ஒன்று. நியோபிரீன் ரப்பரில் ஸ்பிரிங் வளையத்தோடு வருவது இரண்டாவது. கலர் கலராக வரும் பாலியூரித்தேன் மூன்றாவது.

முதலாவதை வாங்கவே வேண்டாம். இயற்கை ரப்பர் என்றால் கிரீஸின் எண்ணெய் பட்டு உப்பி, பிடி தளர்ந்துவிடும். பல பாக்கெட்டுகளில் வளையமும் இருக்காது. பாலியூரித்தேன் எண்ணெய்க்கும் உராய்வுக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் விறைப்பானது. ரப்பர் உட்காரும் காடியின் (பள்ளத்தின்) அளவு அச்சாகப் பொருந்தாவிட்டால் ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும், சேற்றுத் தண்ணீருக்கு அது போதும். இங்கே ஓடும் வண்டிக்கு நியோபிரீன்தான் சரி. வாங்கும்போது விரலால் மடித்துப் பாருங்கள். மடிப்பில் பொடிப்பொடியாக வெடிப்புக் கோடு தெரிந்தால் நாள்பட்ட சரக்கு.

கார் பெயரைச் சொல்லிக் கேட்பதை விட, வெர்னியரில் அளந்து கேட்பது நல்லது. மூன்று அளவு வேண்டும்: கிண்ணத்தின் காடி விட்டம், பின்னின் மேல்பகுதி விட்டம், மாட்டியபின் இரண்டுக்கும் நடுவே நிற்கும் உயரம். ரப்பரின் சின்ன வாய் பின்னை விடக் கொஞ்சம் சிறுத்திருக்க வேண்டும். உயரம் கூடினால் நசுங்கி மடிப்பில் வெடிக்கும். குறைந்தால் பின் சாயும்போது வாய் தூக்கிக்கொள்ளும்.

ஆனால் ரப்பர் வாங்குவதற்கு முன்னால் ஜாயிண்ட்டைப் பாருங்கள். சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகக் கொஞ்சமாக ஆட்டட்டும். ஜாயிண்ட்டின் மேல் கை வைத்தால் 'டக்' என்று அடி தெரிகிறதா? தெரிந்தால் ரப்பர் வாங்குவது வீண், ஜாயிண்ட்டையே மாற்றுங்கள். கழற்றிப் பார்க்கும்போது ஜாயிண்ட்டின் பின் தன்பாட்டில் தொங்கி ஆடினாலும், கிரீஸ் துருநிறமாகவோ பால்போல வெளுத்தோ இருந்தாலும் அதே தீர்ப்புதான். கிரீஸ் கறுத்திருப்பது மட்டும் குற்றமில்லை.

கழற்றும்போது முள்கரண்டி மாதிரியான பிளவுக் கருவியை உள்ளே தட்டி ஏற்றுவார்கள். ஜாயிண்ட்டைத் தூக்கிப் போடப்போகிறோம் என்றால் பரவாயில்லை. திரும்ப மாட்டப்போகும் ஜாயிண்ட்டுக்கு வேண்டாம். ஸ்க்ரூ வகைப் புல்லர் போடலாம். இல்லையென்றால் நட்டை முழுதும் எடுக்காமல் சில சுற்று தளர்த்தி, நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் இரும்புப் பாகம்) பின் உட்காரும் கண்ணின் பக்கவாட்டில் ஓங்கி இரண்டு அடி. பின் முனையில் மட்டும் அடிக்காதீர்கள், மரை நசுங்கும்.

பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, லித்தியம் கிரீஸை ரப்பரின் பாதிக்குள் நிறுத்துங்கள். நிறைய அடைத்தால் முதல் முழுத் திருப்பத்திலேயே விளிம்பைப் பிதுக்கிக்கொண்டு வந்துவிடும். ஸ்பிரிங் வளையத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பி ஏற்றுவதுதான் ஒர்க்‌ஷாப்புகளில் பரவலான தப்பு. புது ரப்பரில் ஊசித்துளை விழும். சரியான விட்டமுள்ள குழாய்த்துண்டை வைத்து அமுக்கினால் அழகாக உட்காரும். பின்னின் கூம்புப் பகுதியில் மட்டும் கிரீஸ் துளிகூட இருக்கக் கூடாது. துணியால் துடைத்து உலர்த்தியபின் மாட்டுங்கள். நட்டோடு சேர்ந்து பின்னும் சுற்றினால், ஜாயிண்ட்டை ஜாக்கியால் அண்டக்கொடுத்து அமுக்கினால் கூம்பு பிடித்துக்கொள்ளும்.

நட்டின் இறுக்கம் வண்டியின் சர்வீஸ் புத்தகப்படி. நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னுக்கான துளை நேருக்கு வரவில்லையென்றால் நட்டின் அடுத்த வெட்டு வரை இறுக்கலாமே தவிர, பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. காட்டர் பின் புதிதாக இருக்கட்டும். நைலான் பூட்டு நட்டு என்றால் அதுவும் புதிது.

டை ராடு எண்டை ராடிலிருந்து சுழற்றிக் கழற்றாமல் இவ்வளவும் செய்துவிட்டால் வீல் அலைன்மென்ட் கலையாது. ஸ்டியரிங் ராக்கின் முனையை மூடும் ராக் பூட் மாற்றும்போது கதை வேறு. அங்கே எண்டைக் கழற்றியே ஆக வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொண்டாலும் கடைசியில் அலைன்மென்ட் பார்த்துத்தான் தீர வேண்டும். அலைன்மென்ட் செய்பவர் பூட்டை ராடோடு பிடிக்கும் சின்ன கிளிப்பைத் தளர்த்தாமல் ராடைத் திருகினால் புது ராக் பூட் முறுக்கிக்கொண்டு கிழியும், கிளிப்பைத் தளர்த்துகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, செம்புக் கம்பி கட்டி அனுப்பும் வேலையும் உண்டு. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேர அது போதும்.