கட்டளையா, பயிற்சியா, பங்கேற்பா: பணியிட மாற்றத்தை நடத்தும் மூன்று வழிகள்

ஒரு நிறுவனத்தில் புதிய மென்பொருள் வருகிறது, அல்லது இரண்டு துறைகள் ஒன்றாக்கப்படுகின்றன, அல்லது பல ஆண்டுகளாகப் பழகிய வேலைமுறை அடுத்த மாதத்திலிருந்து மாறப்போகிறது என்றால், அதை எந்த வழியில் நடத்துவது என்ற கேள்விதான் நிர்வாகத்தின் முன் முதலில் வந்து நிற்கிறது. புழக்கத்தில் உள்ள முறைகள் பல. அவற்றின் பெயர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் மூன்று வழிகளே மிஞ்சும்: தலைமை முன்னின்று மேலிருந்து நடத்துவது, ஒவ்வோர் ஊழியரையும் தனித்தனியே தயார்ப்படுத்துவது, வேலை செய்பவர்களிடமே மாற்றத்தின் ஒரு பகுதியை ஒப்படைப்பது. முதல் வழிக்கு அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் ஜான் காட்டரின் எட்டுப் படிகளையும், இரண்டாவதற்கு அட்கார் முறையையும், மூன்றாவதற்கு உளவியலாளர் கர்ட் லெவினிடமிருந்து தொடங்கும் பங்கேற்பு மரபையும் எடுத்துக்கொண்டு இங்கே ஒப்பிடுகிறேன். மூன்றுக்கும் சம மதிப்பெண் தரும் எண்ணம் எனக்கு இல்லை. மூன்றாவது வழி அதற்குரிய இடத்தில் மற்ற இரண்டையும்விட வலிமையானது என்பதும், அதை உரிய இடமறியாமல் கையாண்டு கெடுத்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது என்பதும் என் கருத்து.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஓர் எண்ணை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோற்றுப்போகின்றன என்ற வாசகம் இத்துறையில் அடிக்கடி காதில் விழும். அதன் வேர்களில் ஒன்று, 1993-இல் மைக்கேல் ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும் வேலைமுறை மறுசீரமைப்பைப் பற்றி எழுதியபோது குறிப்பிட்ட '50 முதல் 70 சதவீதம்' என்ற மதிப்பீடு. அது அறிவியல் முறைப்படி எடுத்த கணக்கு அல்ல என்று அவர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 2011-இல் மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர், இந்த எண் எடுத்தாளப்பட்ட ஐந்து இடங்களைத் தேடிச் சென்று பார்த்து, எதற்குப் பின்னாலும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று எழுதினார். ஆகவே 'எங்கள் முறையைக் கையாளாவிட்டால் பத்தில் ஏழு முயற்சிகள் தோற்கும்' என்று எவரேனும் சொன்னால், அந்த அச்சத்தை ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காட்டரின் முறை 1995-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்குகிறது. பத்தாண்டுக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் கவனித்து, மாற்றம் தடுமாறும் எட்டு இடங்களை அவர் அதில் எடுத்துக்காட்டினார். மறு ஆண்டே அந்த எட்டுத் தவறுகளும் எட்டுப் படிகளாயின. அவசர உணர்வை உண்டாக்குவதில் தொடங்கி, செல்வாக்குள்ள ஒரு வழிநடத்தும் குழுவை அமைத்து, செல்ல வேண்டிய திசையை வரையறுத்து, அதைத் திரும்பத் திரும்ப எடுத்துச்சொல்லி, தடைகளை அகற்றி, சிறு வெற்றிகளை விரைவில் கண்ணில் காட்டி, அவற்றின் மேல் அடுத்தடுத்த மாற்றங்களை அடுக்கி, கடைசியில் நிறுவனத்தின் பண்பாட்டிலேயே அது வேரூன்றச் செய்வது வரை இந்த வரிசை நீள்கிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்தவை இரண்டு. நிர்வாகத்தினரில் ஏறக்குறைய 75 சதவீதம் பேராவது 'இப்படியே தொடர முடியாது' என்று உண்மையாகவே நம்ப வேண்டும் என்பது ஒன்று. மாற்றம் பண்பாட்டில் ஊற ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம், அதற்குள் வெற்றி விழா கொண்டாடுவது ஆபத்து என்பது மற்றொன்று. தலைமையிடமிருந்து பொறுமையைக் கோரும் இந்த இரண்டும் நடைமுறையில் முதலில் கைவிடப்படுகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

இரு நிறுவனங்கள் இணையும்போது, ஒரு பிரிவையே மூட வேண்டியிருக்கும்போது, சந்தையே திசை மாறும்போது, முடிவு மேலிருந்துதான் வர முடியும். அங்கே இந்த வரிசைக்கு நிகரானது வேறு இல்லை என்பேன். ஆனால் படிகளைச் சற்று ஊன்றிப் பாருங்கள்: சாதாரண ஊழியருக்குச் செயல்பட இடம் கிடைப்பது ஐந்தாவது படியில்தான். எதை மாற்றுவது, ஏன் மாற்றுவது என்பவை அதற்குள் முடிவாகிவிட்டன. அவருக்கு மிச்சமிருப்பது அதை ஏற்பதும் நிறைவேற்றுவதும் மட்டுமே. மேலே எடுத்த முடிவு சரியானது என்ற அனுமானத்தின் மேல்தான் கட்டடம் முழுவதும் நிற்கிறது, அந்த அனுமானத்தைச் சோதித்துப் பார்க்கும் படி எதுவும் எட்டுக்குள் இல்லை. அவசர உணர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டுக்கு மூன்று முறை 'இதுவே நம் வாழ்வா சாவா' என்று அறிவிக்கும் நிறுவனத்தில், நான்காவது அறிவிப்பு வரும்போது யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. காட்டரே 2014-இல் தம் முறையைத் திருத்தி, படிநிலை நிர்வாகத்துக்குப் பக்கத்திலேயே தன்னார்வலர்களின் வலைப்பின்னல் ஒன்றும் இயங்க வேண்டும், படிகள் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே காலத்தில் நடக்க வேண்டும் என்று சொன்னார். ஆயினும் பெரும்பாலோர் கையில் இருப்பது பழைய பட்டியல்தான்.

அட்கார் முறை வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. 1994-இல் புரோசை என்ற மாற்ற மேலாண்மை நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹயட் உருவாக்கிய இம்முறையின்படி, மனிதர்கள் ஒவ்வொருவராக மாறினால்தான் நிறுவனம் மாறும். மாற்றம் ஏன் தேவை என்ற விழிப்பு, அதில் பங்குகொள்ளும் விருப்பம், எப்படி மாறுவது என்ற அறிவு, அதைச் செய்துகாட்டும் திறன், பழையபடி திரும்பாமல் இருக்க வலுவூட்டல் என்று ஐந்து நிலைகள்; இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே அட்கார் (ADKAR). ஒருவரை ஒவ்வொரு நிலையிலும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டு, வரிசையில் முதன்முதலாக மூன்றோ அதற்குக் கீழோ வரும் இடத்தையே அவருடைய தடைப்புள்ளியாகக் கொள்ள வேண்டும். நோயறியும் கருவி என்ற அளவில் இது மிகவும் பயனுள்ளது. புதிய மென்பொருளைத் தொடத் தயங்கும் ஒருவரை மூன்றாம் முறையாகப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவது எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான்; அவருக்குக் குறைவது அறிவா விருப்பமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதே அட்காரின் உண்மையான கொடை.

குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இம்முறையில் குறைபாடு எப்போதும் ஊழியருக்குள் இருக்கிறது: அவருக்கு விழிப்பில்லை, விருப்பமில்லை, அறிவில்லை. மாற்றமே பிழையாக வடிவமைக்கப்பட்டிருந்தால், உதாரணமாக, புதிய படிவம் ஒரு நிமிட வேலையை ஆறு நிமிடமாக்குகிறது என்றால், அதைப் பதிவுசெய்ய ஐந்து நிலைகளில் இடமே இல்லை. 'விருப்பம் குறைவு' என்ற கட்டத்துக்குள் அந்த நியாயமான புகார் போய் மறைந்துவிடும்.

இனி லெவின். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த இந்த உளவியலாளரின் பெயரைச் சொன்னதும், உறைந்ததை இளக்கு, நகர்த்து, மீண்டும் உறையவை என்ற மூன்று சொற்களையே பலரும் நினைவுகூர்கிறார்கள். அவை 1947-இல், அவர் இறந்த அதே ஆண்டில் வெளியான கட்டுரையில் சுருக்கமாக வருபவை. ஒரு முழு முறையாக அவை வளர்க்கப்பட்டது அவருக்குப் பின்னால்தான் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அவருடைய ஆழமான பங்களிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நிலைமை மாறாமல் நிற்பதற்குக் காரணம், அதை முன்னே தள்ளும் விசைகளும் பின்னே இழுக்கும் விசைகளும் சமமாக இருப்பதே. தள்ளுவதைக் கூட்டினால் பதற்றமும் கூடும், இழுப்பதைத் தளர்த்தினால் பதற்றம் குறைந்தே நகர்வு நிகழும் என்றார் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறைச்சித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, பலரும் ஒதுக்கும் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளை அமெரிக்க இல்லத்தரசிகளைச் சமைக்க வைக்கும் முயற்சியில் அவர் ஒரு சோதனை நடத்தினார். சொற்பொழிவு கேட்ட குழுக்களில் 3 சதவீதம் பேரும், தங்களுக்குள் பேசி முடிவெடுத்த குழுக்களில் 32 சதவீதம் பேரும் பிறகு அவற்றைச் சமைத்திருந்தார்கள்.

பணியிடத்தில் இதற்கு இணையான சோதனை, வர்ஜீனியா மாநிலத்தின் மரியன் நகரில் இருந்த ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலையில் நடந்தது. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் 1948-இல் அதை வெளியிட்டார்கள். அங்கே பீஸ் ரேட் கூலி, அதாவது செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. மணிக்கு 60 அலகுகள் என்பது தர அளவு, அதாவது ஒருவரிடம் எதிர்பார்க்கப்படும் உற்பத்தி. வேலைமுறை சிறிது மாறினாலே உற்பத்தி சரிவதும், தொழிலாளர்கள் விலகுவதும் வழக்கமாக இருந்தது. இஸ்திரி போடும் 18 பேர் கொண்ட முதல் குழுவுக்கு, வழக்கம்போல ஒரு கூட்டம் போட்டு, போட்டி கடுமையாகிவிட்டதால் மாற்றம் தேவை என்று விளக்கி, புதிய கூலி வீதத்தை அறிவித்தார்கள். இரண்டாவது குழு, தன் பிரதிநிதிகள் வழியாகப் புதிய முறையை வகுப்பதில் கலந்துகொண்டது. மூன்றாவது வகையில், சரிபார்ப்புப் பணியில் இருந்த இரு சிறு குழுக்களைச் சேர்ந்த அனைவரும் நேரடியாக அமர்ந்து பேசினார்கள். முதல் குழுவின் உற்பத்தி 50 அலகுகளை ஒட்டியே தேங்கியது. முதல் 40 நாள்களில் அதில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். பிரதிநிதிகள் வழிப் பங்கேற்ற குழு இரண்டு வாரங்களில் தர அளவை மீட்டது. அனைவரும் பங்கேற்ற குழுக்கள் அதைவிட விரைவாக மீண்டு, பழைய அளவைக் காட்டிலும் சுமார் 14 சதவீதம் மேலே சென்றன. பங்கேற்ற குழுக்களில் அந்த 40 நாள்களில் யாரும் விலகவில்லை.

குழுக்கள் சிறியவை, ஒரே ஆலை என்பதால் இதை மந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1960-இல் நார்வேயின் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஃபிரெஞ்ச் குழுவினர் இதே போன்ற சோதனையைச் செய்தபோது, உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்தத் தோல்வி எனக்கு மரியன் வெற்றியைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது. நார்வேயில் தொழிலாளர்களிடம் விடப்பட்ட முடிவுகள் உற்பத்தியோடு நெருங்கிய தொடர்பில்லாதவை. கூட்டத்தில் உட்கார வைப்பது பங்கேற்பு ஆகிவிடாது. உட்கார்ந்தவரின் சொல்லால் வேலையில் ஏதாவது ஒன்று உண்மையில் மாற வேண்டும்.

அப்படி மாறிய இடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் ஆலையைச் சொல்லலாம். ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய காலத்தில், வேலைக்கு வராதோர் விகிதம் 20 சதவீதம் வரை போன அந்த ஆலை 1982-இல் மூடப்பட்டது. டொயோட்டாவுடன் கூட்டாக 1984-இல் நும்மி என்ற பெயரில் மீண்டும் திறக்கப்பட்டபோது, தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையின் ஆட்களே, சங்கமும் அதே சங்கமே. பழுதைக் கண்ட எவரும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையானால் உற்பத்தி வரிசையே நிற்கும் என்ற அதிகாரம் அவர்களுக்குத் தரப்பட்டது. வராதோர் விகிதம் மிகச் சில சதவீதமாக இறங்கியது. அது முழுக்கக் கீழிருந்து எழுந்த மாற்றம் அல்ல. உற்பத்தி முறை மேலிருந்து வந்தது, அதை அன்றாடம் திருத்தும் உரிமை கீழே இருந்தது. இந்தப் பிரிவினைதான் நான் வலியுறுத்த விரும்புவது.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். பங்கேற்புக்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை, அவசரக்கார நிர்வாகங்கள் அதைத் தவிர்க்கும் முதல் காரணமும் அதுவே. ஆனால் மிச்சப்படுத்திய நேரத்துக்குப் பின்னால் வட்டி கட்ட நேர்கிறது. ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 48 மாதங்கள் தேவை எனப்பட்ட மென்பொருள் மாற்றத்தை 30 மாதங்களுக்குள் சுருக்கி, 1999-இன் நடுவில், பண்டிகைக்கால ஆர்டர்கள் குவியும் வேளையில், பல அமைப்புகளை ஒருசேர இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை உரிய காலத்தில் அனுப்ப முடியாமல் போயிற்று.

இதற்கு எதிர்முனையில், எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், இருக்கைகளையும் பணி நேரத்தையும் மாற்றியமைப்பது பற்றி எங்களிடம் மூன்று வாரங்கள் கருத்துக் கேட்டார்கள். நாங்களும் சிரத்தையாக எழுதிக் கொடுத்தோம். பின்னர், ஒப்பந்தம் அதற்கு முன்பே கையெழுத்தாகியிருந்தது தெரியவந்தது. மாற்றம் மோசமானதல்ல, நேரடியாக அறிவித்திருந்தால் முணுமுணுத்துவிட்டு ஏற்றிருப்போம். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் எந்தக் கருத்துக் கேட்புக்கும் ஒருவரும் மனம் திறந்து பதில் எழுதவில்லை.

எனவே, தேர்வு செய்பவருக்கு என் பரிந்துரை இது. முதலில் ஒரு தாளில், முடிவாகிவிட்டவை எவை, முடிவாகாதவை எவை என்று நேர்மையாக எழுதுங்கள். முடிவானவற்றைப் பற்றிக் கருத்துக் கேட்காதீர்கள். காரணத்தோடு அறிவியுங்கள், அங்கே காட்டரின் வரிசை கைகொடுக்கும். முடிவாகாதவற்றை, குறிப்பாக வேலை எந்த வரிசையில், எந்த அளவில், எந்தக் கருவியோடு நடக்கும் என்பதை, அதைச் செய்யும் குழுவிடமே விடுங்கள், அவர்கள் சொல்வதால் உங்கள் அட்டவணை மாறும் என்பதையும் ஏற்றுக்கொண்டு. யாராவது தடுமாறினால் அட்காரின் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள், ஆறாவதாக 'இந்த முறையில் ஏதாவது பிழை இருக்கிறதா' என்ற கேள்வியையும் சேர்த்து. முடிவாகாதவை என்ற பக்கம் வெறுமையாக இருந்தால், அது பங்கேற்புக்கான இடம் அல்ல, அதை ஒத்துக்கொள்வதே ஊழியருக்குச் செய்யும் மரியாதை.

எதிர்ப்பு என்பது சில மனிதர்களின் சுபாவம் என்று நம்புகிறவர்களுக்கு, ஹார்வுட் சோதனையின் பிற்பகுதி பதில் சொல்கிறது. அறிவிப்பின் வழியே மாற்றப்பட்டுச் சரிந்துபோன அந்த முதல் குழுவில் எஞ்சிய 13 பேரை, இரண்டரை மாதங்கள் கழித்து மீண்டும் ஒன்றுசேர்த்து வேறொரு வேலைக்கு மாற்றினார்கள், இந்த முறை அவர்களையே உட்கார வைத்துப் புதிய வேலைமுறையை வகுத்தபடி. அவர்கள் விரைவாகவே பழைய அளவை எட்டி, அதற்கு மேலும் சென்றார்கள்; அந்த மாற்றத்துக்குப் பிந்தைய நாள்களில் ஒருவரும் வேலையை விடவில்லை.