ஸ்னேக் டிராஃப்டா, ஏலமா? ஃபேன்டஸி ஃபுட்பாலில் எது யாருக்குச் சரி

ஆகஸ்ட் பிறந்தால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதே பஞ்சாயத்து. பன்னிரண்டு பேர் லீக். பாதிப் பேர் “இந்த வருஷமாவது ஏலம் வைப்போம்” என்பார்கள். மீதிப் பாதி “யாருக்குய்யா நாலு மணி நேரம் இருக்கு?” என்பார்கள். நான் இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டவன். ஆறு வருடம் ஸ்னேக் ஆடியிருக்கிறேன், மூன்று வருடம் ஏலம் ஆடியிருக்கிறேன். இரண்டிலும் கோப்பையும் வாங்கவில்லை, கடைசி இடத்துக்கும் போகவில்லை. அதனால் என் தீர்ப்பில் வன்மம் எதுவும் இருக்காது என்று நம்பலாம்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். ஒவ்வோர் அணியும் 18 வாரத்தில் 17 ஆட்டம் ஆடும், ஒரு வாரம் ஓய்வு. நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாம் ஒரு கற்பனை அணி கட்டுகிறோம். ஓடியோ பந்தைப் பிடித்தோ எடுக்கும் 10 யார்டுக்கு ஒரு புள்ளி, பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டும் டச்டவுனுக்கு 6. குவார்ட்டர்பேக் வீசும் 25 யார்டுக்கு ஒரு புள்ளி, அவர் வீசித் தரும் டச்டவுனுக்குப் பெரும்பாலான லீக்குகளில் 4. இந்த விளையாட்டு 1962இல் ஓக்லாந்து ரைடர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக்கும் கூட்டாளிகளும் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து யோசித்தது. முதல் டிராஃப்ட், அதாவது ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டு எடுக்கும் கூட்டம், அடுத்த ஆண்டு விங்கன்பாக் வீட்டில் நடந்தது. அன்றைக்கே யார் முதலில் எடுப்பது என்ற கேள்வி வந்திருக்கும். இன்றும் மொத்தச் சண்டையும் அதில்தான்.

ஸ்னேக் என்றால் பாம்பு நெளிகிற மாதிரி வரிசை. முதல் சுற்றில் 1 முதல் 12 வரை, இரண்டாம் சுற்றில் 12இல் இருந்து திரும்பி 1 வரை. முதல் எண் கிடைத்தவருக்கு 1, 24, 25 ஆகிய இடங்கள். கடைசி எண் கிடைத்தவருக்கு 12, 13, அப்புறம் 36, 37. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சீட்டுக் குலுக்கிப் போட்ட எண்தான் உங்கள் வருடத்தின் முதல் முடிவை எடுக்கிறது.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான லீக்குகளில் முதலில் போன பெயர் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. அதற்கு முந்தைய ஆண்டு ஓடி மட்டும் 1,459 யார்டு, மொத்தம் 21 டச்டவுன். யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். குதிகால் தசைநாண் வலியில் முதல் எட்டு ஆட்டம் போனது. நவம்பரில் திரும்பி வந்தார், நான்கு ஆட்டம் ஆடினார், முழங்கால் போனது. அந்த வருடம் ஒரு டச்டவுன்கூட இல்லை. அதே டிராஃப்டில் முதல் சுற்றின் பின்பாதியில் உட்கார்ந்திருந்தவர்களின் கைக்கு நியூயார்க் ஜயன்ட்ஸை விட்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போன சேக்வான் பார்க்லி வந்தார். 2,005 யார்டு ஓடினார். முதல் எண் கிடைத்த நண்பர் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. நல்ல எண் விழுந்தது, அவ்வளவுதான். ஏலத்தில் இருவரையும் வாங்கும் வாய்ப்பு பன்னிரண்டு பேருக்கும் இருந்திருக்கும். பிடிக்காதவர் மெக்காஃப்ரியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இருந்தாலும் ஸ்னேக்கை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதில் ஒரு தாளம் உண்டு. ஓரத்து எண் கிடைத்தால் அடுத்த முறை வருவதற்குள் இடையில் 22 பேர் போய்விடுவார்கள். அந்த இடைவெளியில் ஒருவர் டைட் எண்ட் (எதிராளியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) எடுத்தால் அடுத்தவருக்குக் கை அரிக்கும், நாலு டைட் எண்ட் வரிசையாகப் போகும். ஓரத்தில் இருப்பவர் இந்த ஓட்டத்தைத் துரத்தக் கூடாது, தானே தொடங்கி வைக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்தவர் அடுத்த முறை வரை இருக்க மாட்டார் என்று தோன்றினால், தரவரிசைப் பட்டியல் சொல்வதைவிட அரைச் சுற்று முன்னதாக எடுங்கள். யாராவது கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். நடுவில் 5, 6, 7 எண்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அடுத்த முறைக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் மேலே இருந்து நழுவி வருபவரைப் பிடிக்கலாம்.

பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கை முதலில் எடுப்பதா, கடைசியில் எடுப்பதா என்ற பழைய விவாதமும் ஸ்னேக்கின் பிள்ளைதான். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருபது முறை ஆள்கள் மேலே விழுந்து அமுக்கும் வேலை ரன்னிங் பேக்கினுடையது. அவர்கள் உடைவது அதிகம், ஆகவே முதல் சில சுற்றுகளில் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர்களை வாரிக்கொண்டு ரன்னிங் பேக்கைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்பது ‘சீரோ ஆர்.பி.’ வழி. 2013இல் ஷான் சீகல் என்பவர் இந்தப் பெயரில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவியது. எனக்கு இதன் நடுவழி பிடிக்கும்: ஒரே ஒரு உறுதியான ரன்னிங் பேக், அப்புறம் நான்கு சுற்று ரிசீவர். ஏலத்தில் இந்த விவாதத்துக்கே பெரிய வேலை இல்லை. பணம் இருக்கிறது, எந்தக் கலவை வேண்டுமோ கட்டிக்கொள்ளலாம்.

சரி, ஏலத்துக்கு வருவோம். ஆளுக்கு 200 டாலர், நிஜப் பணம் இல்லை. பன்னிரண்டு பேருக்கு மேசையில் 2,400. அதற்குள் அத்தனை பேரும் அணியை நிரப்ப வேண்டும். முறைப்படி ஒவ்வொருவராக ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஐ.பி.எல். ஏலம் பார்த்து வளர்ந்த நம்மாட்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அங்கே பெயரை ஏலக்காரர் சொல்கிறார், இங்கே நாமே சொல்ல வேண்டும். சொன்ன விலைக்கு வேறு யாரும் கேட்கவில்லை என்றால் ஆள் நம் தலையில்தான்.

என் தலையில் எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். 2023. ஜாலன் ஹர்ட்ஸை 28 டாலருக்கு வாங்கிவிட்டேன், குவார்ட்டர்பேக் கவலை தீர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஜோஷ் ஆலன் பெயர் வந்தது. இவ்வளவு நல்ல ஆளை யாரோ மலிவாகத் தட்டிக்கொண்டு போவதா என்று எனக்குள் ஒரு நாட்டாமை எழுந்தான். எதிராளி 22 என்றார். நான் 24. அவர் 26. நான் 29. திரையில் பத்து வினாடிக் கடிகாரம் இறங்குகிறது. ஒன்பது, எட்டு. அவர் யோசிக்கிறார் போல என்று நினைத்தேன். நாலு, மூணு. சாட்டில் ஒரு சிரிப்பு இமோஜி வந்தது, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரே குவார்ட்டர்பேக் ஆடக்கூடிய லீக்கில் 57 டாலருக்கு இரண்டு குவார்ட்டர்பேக்குகளுடன் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வாரம் ஒருவரைக் கொடுத்து ஒரு சுமாரான ரன்னிங் பேக்கை வாங்கினேன். பேரம் பேசியவருக்கு என் அவசரம் தெரியும், அதனால் விலையும் அப்படித்தான் இருந்தது. அடுத்தவர் விலையை ஏற்றிவிடுவது நல்ல உத்திதான், ஆனால் விழுந்தால் சுமக்கத் தயாராக இருக்கும் ஆளுக்கு மட்டும்.

ஏலத்தில் கற்றுக்கொண்ட மற்ற பாடங்கள் இந்த அளவுக்கு வலிக்கவில்லை. தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டாத, ஆனால் ஊருக்கே பிடித்த பெயர்களைச் சொல்லுங்கள். அவர்கள் பணம் கரையட்டும். ஒரே தரத்தில் ஐந்து ரிசீவர்கள் இருந்தால் முதல் இரண்டு பேரில் ஒருவரை வாங்கப் பாருங்கள். கடைசி ஆள் வரும்போது எல்லாருக்கும் பதற்றம் வந்து விலை எகிறும். நீங்கள் ரகசியமாக வைத்திருக்கும் பெயரை, மற்றவர்கள் கையில் இரண்டு டாலர், மூன்று டாலர் மட்டும் இருக்கும் நேரம் வரை வெளியே விடாதீர்கள். அந்த நேரத்தில் பத்து டாலர் வைத்திருப்பவன் ராஜா. ஆனால் ராஜாவாகவே இருந்துவிடவும் கூடாது. முதல் ஏலத்தில் 23 டாலர் மிச்சம் வைத்துவிட்டு மிகவும் சிக்கனமாக இருந்ததாக நினைத்தேன். அந்தப் பணத்தை வைத்து நவம்பரில் எதுவும் வாங்க முடியாது.

ஒரு கணக்கும் மனதில் இருக்கட்டும். மிச்சமுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது ஒரு டாலர் தேவை. 15 பேர் கொண்ட அணியில் முதல் ஆளுக்கு நீங்கள் கேட்கக்கூடிய உச்சம் 186. அப்படி யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் கடைசி நான்கு இடங்களுக்கு வரும்போது இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு எதிராளி அதிகபட்சம் எவ்வளவு போவார் என்பது துல்லியமாகத் தெரியும். கிக்கருக்கும் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்) டிஃபென்ஸுக்கும் (ஓர் அணியின் மொத்தத் தற்காப்பு) ஒரு டாலருக்கு மேல் கொடுக்காதீர்கள். ஸ்னேக்கிலும் இதுதான், கடைசி இரண்டு சுற்றில் எடுத்தால் போதும்.

எந்த முறையாக இருந்தாலும் முதலில் உங்கள் லீக்கின் புள்ளி விதியைப் படியுங்கள். பி.பி.ஆர். என்றால் பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு கேட்ச்சுக்கும் ஒரு புள்ளி. டெரிக் ஹென்றி 2020இல் 2,027 யார்டு ஓடினார், பிடித்ததோ 19 கேட்ச்தான். மெக்காஃப்ரி 2019இல் 116 கேட்ச் பிடித்தார். இருவரும் ஆடியது 16 ஆட்டம். கேட்ச் கணக்கில் மட்டும் வித்தியாசம் 97 புள்ளி, அதாவது ஆட்டத்துக்கு ஆறு. பி.பி.ஆர். இல்லாத லீக்கின் விலைப்பட்டியலை இணையத்தில் இருந்து இறக்கி பி.பி.ஆர். ஏலத்துக்கு எடுத்துப் போனவரை நான் பார்த்திருக்கிறேன். பாவம், அன்று அவர் எதற்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று நவம்பரில்தான் புரிந்தது.

நேரக் கணக்கில் ஸ்னேக் தெளிவாக முந்துகிறது. எங்கள் ஸ்னேக் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏலம் நான்கு மணி நேரம் ஓடியிருக்கிறது, நடுவில் ஒருவர் குழந்தையைத் தூங்கவைக்கப் போய் இருபது நிமிடம் கழித்து வந்தார். ஸ்னேக்கில் ஆள் வரவில்லை என்றால் கணினி தரவரிசைப்படி எடுத்துக் கொடுக்கும், ஓரளவு உருப்படியான அணியே கிடைக்கும். ஏலத்தில் ஆள் இல்லாத இருக்கை மொத்த ஏலத்தையும் கெடுக்கும். அந்த 200 டாலர் யாருக்கும் புரியாத விதத்தில் செலவாகி மற்ற விலைகளையும் குழப்பும். பன்னிரண்டில் மூன்று பேர் புதியவர்கள் என்றாலோ, ஒருவர் வருவது சந்தேகம் என்றாலோ, ஏலப் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஆனால் நாலைந்து வருடம் சேர்ந்து ஆடிய கூட்டம் என்றால் நான் ஏலத்தின் பக்கம். யார் எந்த அணியின் விசிறி, யார் கோபத்தில் விலை ஏற்றுவார், யார் 40 டாலரைத் தாண்டவே மாட்டார் என்பதெல்லாம் தெரிந்த பிறகு ஏலத்தில் வருகிற ருசி ஸ்னேக்கில் வராது.

டிராஃப்ட் முடிந்தபின் யாரும் எடுக்காத ஆளைச் சேர்ப்பதிலும் (வேய்வர் என்பார்கள்) இதே இரண்டு பாணி உண்டு. கீழே இருப்பவருக்கு முன்னுரிமை என்ற வரிசை முறை ஒன்று. ஆளுக்கு 100 டாலர் கொடுத்து மூடிய கவர் மாதிரி விலை எழுதச் சொல்வது இன்னொன்று. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை, பணமுறைதான். 2023இல் என்.எஃப்.எல். அணிகளின் நிஜ டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் வந்த, ராம்ஸ் அணியின் புதுமுகம் பூக்கா நகுவாவைப் பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகளில் யாரும் எடுக்கவில்லை. முதல் வாரம் 10 கேட்ச், 119 யார்டு. வருட முடிவில் 1,486 யார்டு, புதுமுகங்களுக்கான சாதனை. அந்தச் செவ்வாய் இரவு வரிசை முறை லீக்குகளில் அவர் முதல் வாரம் தோற்றவரின் மடியில் போய் விழுந்தார். பணமுறையில் அவரை நம்பியவர் வாங்கினார். முதல் மூன்று வாரங்களில் தாராளமாகச் செலவழியுங்கள், அப்போது வாங்கும் ஆள்தான் அதிக வாரம் உங்களுக்கு ஆடுவார். 30 என்று எழுத நினைத்தால் 31 என்று எழுதுங்கள். எல்லாரும் 20, 30 மாதிரி பூஜ்ஜியத்தில் முடியும் எண்ணில்தான் நிற்பார்கள்.

இந்த ஆண்டு எங்கள் பஞ்சாயத்து ஒரு நடுவழியில் முடிந்தது. இரண்டு புதியவர்கள் வந்ததால் ஸ்னேக்தான். ஆனால் மூன்றாம் சுற்றை மட்டும் திருப்பிப் போடுகிறோம், இரண்டாம் சுற்றைப் போலவே 12இல் இருந்து தொடங்கும். கடைசி எண்காரருக்கு 12, 13, 25 கிடைக்கும். முதல் எண்காரர் 24க்குப் பிறகு 36 வரை காத்திருக்க வேண்டும். வேய்வருக்கு ஆளுக்கு 100 டாலர். நேற்று சீட்டுக் குலுக்கினோம், எனக்கு விழுந்தது முதல் எண். குழுவில் வந்த முதல் பதில் மறுபடியும் அதே சிரிப்பு இமோஜி, அதே ஆளிடமிருந்து.