"ஆடியோ ஐசி போச்சு" என்று சொன்னால் இயர்பட்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு மொபைல் கடையில் நடந்த விஷயம் இது. கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலை தர்மபுரியிலும் ஓசூரிலும் நடக்கிறது. ஒரு பெயரைப் போட்டால் மற்றவர்கள் எல்லாம் யோக்கியர் ஆகிவிடுவார்கள்.

ஏமாந்தவர் பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்பவர். இயர்பட்ஸ் 1,799 ரூபாய், வாங்கி ஏழு மாதம், கம்பெனி வாரண்டி ஒரு வருஷம். கால் வந்தால் இரண்டு காதிலும் நன்றாகக் கேட்கிறது, பாட்டு போட்டால் மட்டும் போன் ஸ்பீக்கரில் வருகிறது. கடைக்காரர் காதில் வைத்துக்கூடப் பார்க்காமல், "ஆடியோ ஐசி போச்சு தம்பி, 650 ஆகும்" என்றார். மறுநாள் சாயங்காலம் பாட்டு வந்தது. பில் கேட்டதற்கு, "சர்வீஸுக்கு ஏதுப்பா பில்லு?"

மூன்று வாரத்தில் வலது பக்கம் சத்தம் குறைந்தது. மறுபடியும் அதே கடை. "ரைட்டு ஸ்பீக்கர் அவுட்டு, 400 குடு, மாத்தித் தரேன்." இந்த முறை திரும்பி வந்தபோது போனின் ப்ளூடூத் பட்டியலில் ஒரே இயர்பட்ஸ் இரண்டு பெயரில் தெரிந்தது. இடதில் பாட்டு ஓடினால் வலது ஊமை, வலதை இணைத்தால் இடது ஊமை. ஆக மொத்தம் 1,050 ரூபாயும் போய், ஜோடியும் போனது.

முதல் பொய்யை எடுத்துக்கொள்வோம். இந்த விலை இயர்பட்ஸின் கூடு திருகு போட்டு மூடியது கிடையாது. இரண்டு பாதியையும் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஐசியை, அதாவது ஒலியைக் கையாளும் சிப்பை, மாற்ற வேண்டும் என்றால் சூடுகாட்டி, மெல்லிய பிளேடை விட்டு நெம்பித்தான் திறக்க வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவர் திறந்தாலும் அந்த இணைப்புக் கோட்டில் பிளேடு பட்ட பள்ளமோ, புதுப் பசையின் பளபளப்போ, தலைமுடி கனத்தில் ஒரு இடைவெளியோ இருந்தே தீரும். இவருடைய இடது பட்டை லென்ஸ் வைத்துச் சுற்றிலும் பார்த்தால் கோடு தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரியே இருக்கிறது. திறக்காத கூட்டுக்குள் ஐசி மாற்றும் வித்தை இன்னும் யாருக்கும் வரவில்லை.

பிறகு பாட்டு எப்படி வந்தது? ப்ளூடூத்தில் பாட்டும் காலும் ஒரே வழியில் போவதில்லை. பாட்டு, வீடியோ எல்லாம் ஏ2டிபி என்கிற ஸ்டீரியோ வழியில் போகும். கால் எச்எஃப்பி என்கிற வேறு வழியில், மோனோவாக, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே சத்தமாகப் போகும். ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து, இயர்பட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரக் குறியைத் தொட்டால் இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருக்கும்: ஒன்று கால், இன்னொன்று மீடியா ஆடியோ. மீடியா ஆடியோ அணைந்திருந்தால் இவருக்கு வந்த கோளாறு அச்சுப் பிசகாமல் வரும். ஸ்பீக்கரோ ஆடியோ சிப்போ உண்மையிலேயே போயிருந்தால் கால் மட்டும் எப்படித் தெளிவாகக் கேட்கும்? அந்த ஒரு கேள்வியிலேயே பொய் உடைகிறது. 650 ரூபாய் ஒரு ஸ்விட்சைத் தட்டியதற்கு.

லேப்டாப்பில் இதற்கு நேர்மாறு நடக்கும். விண்டோஸில் ஒரே இயர்பட்ஸ் ஸ்டீரியோ என்றும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றும் இரண்டாகத் தெரியலாம். மீட்டிங்கில் மைக்கைத் திறந்த கணமே கால் வழிக்குத் தாவிவிடும், பாட்டு பழைய ரேடியோ மாதிரி தகரச் சத்தமாகிவிடும். பழுது எதுவும் இல்லை. மைக்கை மட்டும் லேப்டாப்பின் மைக்குக்கு மாற்றினால் சத்தம் பழையபடி திரும்பும்.

இரண்டாவது ஏமாற்று இன்னும் மோசம். வலது பக்கம் சத்தம் குறைந்ததற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று இடது பட்டே சொல்லிவிட்டது. சிலிக்கான் முனையைக் கழற்றினால் உள்ளே ஒரு வலை இருக்கும். அது கறுப்பாகவோ வெள்ளி நிறத்திலோ பளிச்சென்று கண்கண்ணாகத் தெரிய வேண்டும். இவருடையதில் கல் தூளும் காது அழுக்கும் கலந்து சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாக, பாதிக்கு மேல் கண் அடைத்துக் கிடந்தது. பாலிஷ் பட்டறை, மாவு மில், சிமெண்ட் கடை என்று தூளில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது வரும். வலை அடைத்தால் முதலில் உச்சஸ்தாயி போகும், பிறகு மொத்தச் சத்தமும் இறங்கும். ஒரு பக்கம் மெதுவாக, நாள்கணக்கில் குறைந்தால் அது பெரும்பாலும் அடைப்புதான். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அறுந்தால் படிப்படியாகக் குறையாது, ஒரேயடியாக நின்றுபோகும்.

சுத்தம் செய்வதில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: பட்டை வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். புது, காய்ந்த, மிருதுவான டூத் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாக லேசாகத் தட்டுங்கள். தூள் தானாகக் கொட்டும். பிசுக்காக ஒட்டியிருந்தால் சுவரில் போஸ்டர் ஒட்டும் களிமண் மாதிரியான பசையை (ப்ளூ டாக்) உருட்டி வலை மேல் அழுத்தி எடுக்கலாம். குண்டூசி கூடவே கூடாது, வலைக்குப் பின்னால் இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். வாயால் ஊதினால் அழுக்கும் எச்சில் ஈரமும் உள்ளே போகும். ஸ்பிரிட்டை வலை மேல் ஊற்றாதீர்கள், அழுக்கைக் கரைத்து உள்ளே இறக்கிவிடும். இவருடைய இடது பட்டை இப்படி நான்கு நிமிஷம் தட்டியதில், முன்பு வால்யூமை 12-வது புள்ளியில் வைத்துக் கேட்டவர் 8-இல் போதும் என்றார். அப்படியென்றால் அவருடைய பழைய வலது பட்டுக்கும் பிரஷ் ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

ஆனால் அது இப்போது அவரிடம் இல்லை. "ஸ்பீக்கர் மாத்தினேன்" என்று கொடுத்தது வேறு பட். வெள்ளை நிறம் இடதைவிட ஒரு சாயல் மஞ்சள். கேஸில் வைத்தால் மூடி முழுசாக இறங்காமல் நகம் நுழையும் அளவுக்கு நிற்கிறது. பட்டின் காம்பில் அச்சிட்டிருக்கும் எண் அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணோடு பொருந்தவில்லை. இடமும் வலமும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சேர்ந்து பாடும் முறை ஒவ்வொரு சிப் கம்பெனிக்கும் தனி. குறைந்த விலை பட்களில் ஜியேலி, ப்ளூட்ரம் சிப்கள் நிறைய வரும். கொஞ்சம் விலை ஏறினால் ஏரோஹா, பெஸ், குவால்காம். ஒன்றின் இடதும் இன்னொன்றின் வலதும் எத்தனை முறை ரீசெட் செய்தாலும் சேராது. ஒரே மாடலாக இருந்தும் ஃபர்ம்வேர் (பட்டுக்குள் ஓடும் மென்பொருள்) வேறு என்றால் அதுவும் மக்கர் செய்யும். அதனால்தான் பட்டியலில் இரண்டு பெயர்.

ஒரே ஜோடிக்கும் சில சமயம் இப்படி இரண்டு பெயர் வரும், அது வேறு கதை. போனில், லேப்டாப்பில், வீட்டில் மற்றவர்கள் போனில் என்று இணைத்த எல்லா இடத்திலும் அந்தப் பெயரை நீக்கிவிட்டு, இரண்டு பட்டையும் கேஸில் வைத்து, கேஸ் பட்டன் இருந்தால் பத்து விநாடிக்குக் குறையாமல் அழுத்திப் பிடியுங்கள். பட்டன் இல்லாத மாடலில் இரண்டு பட்டின் தொடுபகுதியையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். எத்தனை விநாடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டில் இருக்கும். முதலில் பட்கள் தங்களுக்குள் சேர வேண்டும், பிறகுதான் போனோடு இணைக்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றை மட்டும் எடுத்து இணைப்பதால் வரும் வினை இது.

ஒரு பக்கம் அறவே கேட்கவில்லை என்றால் பல சமயம் கேஸில்தான் கோளாறு. பட்டின் அடியில் இரண்டோ மூன்றோ உலோகப் புள்ளிகள், கேஸ் குழியில் அவற்றுக்கு நேராக ஸ்பிரிங் வைத்த ஊசிகள். வியர்வை உப்பு படிந்தாலோ ஊசி உள்ளே சிக்கிக்கொண்டாலோ அந்தப் பட் சார்ஜே ஏறாது. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் ஒரு துளி ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த குச்சியால் ஊசியை அமுக்கிப் பாருங்கள். துள்ளி மேலே வர வேண்டும். புது இயர்பட்ஸில் அந்தப் புள்ளிகள் மேல் கண்ணாடித்தாள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே "ஒரு பக்கம் வேலை செய்யல" என்று கடைக்குப் போய், ஸ்டிக்கர் உரித்ததற்கு 200 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

மாதக்கணக்கில் பீரோவில் கிடந்த ஜோடி உயிரோடு வராவிட்டால் கேஸைச் சார்ஜரில் சொருகி, பட்களை உள்ளே வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பட்டுக்குள் இருக்கும் செல் 30 முதல் 60 மில்லி ஆம்பியர் ஹவர்தான், சீக்கிரம் அடிமட்டத்துக்கு வறண்டுவிடும். இருபது நிமிஷத்தில் ஒரு பக்கம் மட்டும் அணைந்தால் செல் தேய்ந்துவிட்டது. இது நிஜமான பழுது. மாற்ற முடியும், ஆனால் கூட்டைத் திறக்க வேண்டும், அதன் பிறகு தண்ணீர் காப்பு போய்விடும்.

இன்னும் சில அமைப்புகளும் கடைக்காரர்களுக்குச் சம்பாத்தியம். போன் செட்டிங்ஸின் அக்சஸிபிலிட்டியில் இடது வலது சமநிலைக் கோடு ஒரு ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் ஒரு காது செத்த மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குச் சத்தம் குறைவு என்றால், செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் உள்ள பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, அதில் அப்சல்யூட் வால்யூமை (போன் சத்தத்தையும் இயர்பட்ஸ் சத்தத்தையும் ஒன்றாகக் கட்டும் அமைப்பு) முடக்கிவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால் அது ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் நெரிசல். நிறைய வைஃபையும் அதே அலைவரிசையில் ஓடுகிறது. போன் பின்பாக்கெட்டில் இருந்தால் உடம்பே அலையைத் தின்றுவிடும், சட்டைப் பைக்கு மாற்றுங்கள். கோடெக் என்பது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை; அதில் எல்டாக் ஓடினால் குறைவான டேட்டா போகும் ஏஏசிக்கு இறக்குங்கள்.

இத்தனையும் செய்து சரியாகவில்லை என்றால் கொடுங்கள், ஆனால் வாரண்டி இருந்தால் உள்ளூர்க் கடைக்கு அல்ல, கம்பெனியின் சர்வீஸுக்கு. வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பட், கேஸ் மூன்றின் எண்ணும் தெரிகிற மாதிரி அவர்கள் மேஜையிலேயே போட்டோ எடுங்கள். அந்த எண்களை எழுதிய ரசீது கேளுங்கள். ஸ்பீக்கர் போச்சு என்றால் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். மீட்டர் அதற்குப் பக்கத்தில் எண் காட்டினால் சுருள் அறுந்துபோகவில்லை. மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். இவருக்கு எந்த ஐசியும் எந்த ஸ்பீக்கரும் திரும்பி வரவில்லை.

புதிதாக வாங்குகிறவர்களும் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். இஎன்சி என்று போட்டிருப்பதைக் காட்டி வெளிச்சத்தம் கேட்காது என்று விற்பார்கள். அது மைக்குக்கானது, நீங்கள் பேசுவது எதிராளிக்குத் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். உங்கள் காதுக்கு வரும் வெளிச்சத்தத்தை அடக்க வேண்டியது ஏஎன்சி. இன்னொன்று, மாஸ்டர் காப்பி ஏர்பாட்ஸ். ஐபோனில் படத்தோடு இணைப்புச் சன்னல் வருவதைக் காட்டி ஒரிஜினல் என்பார்கள். போலியிலும் அது வரும். ஐஓஎஸ் 16-இலிருந்து அசல் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று போனே எச்சரிக்கிறது, அதைக் கவனியுங்கள். பெட்டியில் ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும்.

இனிப் பணத்தைத் திரும்ப வாங்கும் வழி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவுசெய்து எண் வாங்குங்கள். அடுத்து கடைக்கு ஒரு கடிதம் ஸ்பீடு போஸ்டில். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாவிட்டால் ஜிபே, போன்பே ரசீதும் வாட்ஸப் உரையாடலும் கைகொடுக்கும், ஆகவே சர்வீஸ் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

இவர் 650-ஐ ஜிபேயில் போட்டிருந்தார், 400-ஐக் கையில் கொடுத்திருந்தார். கடிதம் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் கடையிலிருந்து 650 திரும்பி வந்தது. 400 பற்றிக் கேட்டால் அப்படி ஒன்றை வாங்கவே இல்லை என்கிறார்கள். பழைய வலது பட்டைக் கேட்டால், "தேடிப் பாக்கறோம் தம்பி, பையன் எங்கயோ வச்சுட்டான்" என்று பதில். வாரண்டி சர்வீஸில் எண் பொருந்தவில்லை என்று ஜோடியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போதைக்கு அவர் இடது பட்டை மட்டும் போட்டுக்கொண்டு, மோனோ ஆடியோவை ஆன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.