டிஷ்வாஷரில் தண்ணீர் வடியவில்லை, மோட்டார் போச்சு என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்: 9,440 ரூபாய் அழுதவள் எழுதுகிறேன்

நேற்று ராத்திரிதான் விஷயம் தெரிந்தது. இன்னும் வயிறு எரிகிறது. டிஷ்வாஷர் வைத்திருப்பவர்கள் கடைசிவரை படித்துவிடுங்கள். தண்ணீர் அடியில் தேங்கி நின்றால் ஆள் கூப்பிடுவதற்கு முன் வீட்டிலேயே என்னவெல்லாம் பார்க்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு மடிப்பாக்கம். மெஷின் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, வாரண்டி முடிந்துவிட்டது. "அடிப்பிடிச்ச பால் பாத்திரத்தை இது எங்கேருந்து தேய்க்கப் போவுது" என்று முதலில் சிரித்த அத்தைதான், இப்போது அது ஒரு வேளை ஓடாவிட்டால் தவித்துப்போகிறார்கள். எங்கள் போர் தண்ணீர் கடினமானது, அதனால் மெஷினுக்குள் போடுகிற உப்பு வேறு அடிக்கடி தீரும். அதையும் ஞாபகமாகச் சொல்வது அவர்கள்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தால் அடியில் கலங்கல் தண்ணீர், மேலே கடுகும் கறிவேப்பிலையும் மிதக்கின்றன, முந்தின நாள் சாம்பார் வாசனை. மறுபடி ஓட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் பீய்ச்சியடிக்கிற சத்தம் நன்றாகவே வந்தது. வெளியே தள்ள வேண்டிய நேரத்தில் மட்டும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், அப்புறம் அமைதி, திரையில் கோளாறு எழுத்து. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். பின்பக்க டியூப் மடங்கியிருக்கிறதா பார்த்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இங்கேதான் தப்பு செய்தேன். வாரண்டி கார்டு பீரோவில் இருந்தது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல். போனில் கம்பெனி பெயரையும் 'சர்வீஸ் சென்டர் சென்னை' என்பதையும் போட்டுத் தேடினேன். முதலாவதாக வந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்த பெண் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னாள். மாடல் நம்பர் கேட்டாள், வாங்கிய வருஷம் கேட்டாள். வேறு என்ன வேண்டும் எனக்கு?

மறுநாள் சரியான நேரத்துக்கு ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். ஷூவை வாசலிலேயே கழற்றினான். மெஷினை இழுப்பதற்கு முன் டைல்ஸில் கீறல் விழக்கூடாது என்று பழைய துணி கேட்டான். அத்தை மோர் கொடுத்தார்கள், "பாட்டி, வேலையை முடிச்சிட்டு குடிக்கிறேன்" என்றான். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று செய்தான், அதில்தான் நான் விழுந்தேன். பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும், "அக்கா, ஒயர் எப்படி மாட்டியிருக்குன்னு உங்க போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. நாளைக்கு நான் தப்பா மாட்டிட்டேன்னு நீங்க சொல்லக் கூடாது பாருங்க" என்றான். தன் வேலைக்குத் தானே சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? நானும் குனிந்து, டார்ச் அடித்து, அழகாக மூன்று போட்டோ எடுத்தேன்.

பிறகு கரண்ட் போகிற பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்றை எடுத்து, இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு 'பீப்' என்று சத்தம் வரவைத்துக் காட்டினான். அதையே கழற்றிய பம்பின் இரண்டு முனையில் வைத்தான். சத்தம் இல்லை. "பாத்தீங்களாக்கா? உள்ள சுத்தியிருக்கிற கம்பி, அதான் காயில், அறுந்துடுச்சு. மோட்டார் காலி. வேற செட்டுதான் போடணும்." விலை 8,000. அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 1,440. மொத்தம் 9,440. "வேலை செஞ்சா விசிட் சார்ஜ் கிடையாது" என்று தள்ளுபடி வேறு. பணத்தை முன்கூட்டியே போட்டால்தான் ஸ்டோரில் பார்ட் தருவார்களாம். நின்ற இடத்தில் ஸ்கேன் செய்து 9,440 ரூபாய் அனுப்பினேன். ஸ்க்ரீனில் வந்தது கம்பெனி பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். கேட்டேன். "எங்க ஏரியா மேனேஜர்தான்க்கா." சரி என்றுவிட்டேன். பழைய பம்பை 'கம்பெனிக்குத் திருப்பிக் காட்டணும்' என்று பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து 'புது மோட்டார்' மாட்டினான். ஓட்டிக் காட்டினான், தண்ணீர் கடகடவென்று சின்க் பைப்பில் இறங்கியது. நான் வேறு அவனுக்கு நூறு ரூபாய் டிப்ஸ் கொடுத்தேன். அதை நினைத்தால் 9,440-ஐ விட அதிகமாக எரிகிறது.

பன்னிரண்டாவது நாள் அதே கலங்கல் தண்ணீர், அதே முனகல்.

போன் அடித்தேன். "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்காரு மேடம், திங்கக்கிழமை வருவாரு." திங்கள் அடித்தேன். "வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க." போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. புதன்கிழமை வேறு ஒரு ஆள் எடுத்து, "உங்க கம்ப்ளெய்ன்ட் க்ளோஸ் ஆயிடுச்சே மேடம், இது புது ஃபால்ட், விசிட் சார்ஜ் 600 ஆகும்" என்றான். மூன்று மாதம் கேரண்டி என்று பில்லில் எழுதியிருக்கிறதே என்றேன். "அது மோட்டாருக்கு மேடம். உங்களுது போர்டு ஃபால்ட்டா இருக்கும்." பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டான்! அடுத்த தடவை என் நம்பரை எடுக்கவே இல்லை. அத்தையின் போனிலிருந்து அடித்தால் அந்தப் பெண் தேன் ஒழுகப் பேசினாள், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் பீரோவைத் திறந்து வாரண்டி கார்டை எடுத்தேன். அதில் இருந்த நம்பரே வேறு. "அப்படி ஒரு சர்வீஸ் சென்டர் எங்களுக்கு இல்லைங்க" என்றார்கள். பில்லை நன்றாகப் பார்த்தேன். ஜிஎஸ்டி என்று 1,440 ரூபாய் வாங்கியவனின் பில்லில் ஜிஎஸ்டி நம்பரே கிடையாது. பதினைந்து எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாமி படம்தான் இருந்தது.

நேற்று ராத்திரி மாடி வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். கிண்டி எஸ்டேட்டில் வருஷக்கணக்காக மோட்டாருக்குக் காயில் கட்டியவர். பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். ஃபில்டரை எடுத்து, தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தார். அடிக் குழியின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. இத்தனை நாள் அது கழறும் என்றே எனக்குத் தெரியாது. ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினார், வந்துவிட்டது. உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு விசிறி. அதன் இறக்கைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சில்லு. அரை மிளகு அளவுதான் இருக்கும். போன மாதம் ஒரு கண்ணாடித் தம்ளர் உள்ளேயே உடைந்தது. பெரிய துண்டுகளை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். அந்த நேரத்தில்தான் குழிக்குள் சில்லுகள் இறங்கியிருக்கின்றன. இடுக்கியால் எடுத்துப்போட்டார். விசிறியைக் காம்பால் சுற்றிக் காட்டினார். கொஞ்சம் பிடித்துப் பிடித்து விட்டது. "இது கோளாறு இல்லம்மா, உள்ள காந்தம் இருக்கு, அப்படித்தான் சுத்தும்."

பிறகு பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பம்பின் ஒயரை உருவிவிட்டு மீட்டர் வைத்தார். மின்தடை நூற்றுச் சொச்சம் ஓம் காட்டியது. "காயில் நல்லாத்தான் இருக்கு. அவன் வச்ச மாதிரி 'பீப்' போடுற பஸ்ஸர்ல வச்சா இது எப்படிம்மா கத்தும்? ஒயர் மாதிரி ஓம் ரொம்பக் கம்மியா இருந்தாத்தான் கத்தும். நல்ல பம்பு கத்தாது." அதோடு, "கழுவுற மோட்டார் வேற, வெளியே தள்ளுற பம்பு வேற. தண்ணி பீய்ச்சுற சத்தம் வந்துச்சுன்னா பெரிய மோட்டாருக்கு ஒண்ணும் இல்லை. அவன் பேசினது பூராவும் இந்தச் சின்ன பம்பைத்தான்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போனில் அந்த போட்டோவைத் தேடி எடுத்தேன். பம்பின் ஸ்டிக்கரில் நீளமான நம்பர், மூலையில் நீல மையில் ஒரு புள்ளி. இப்போது மாட்டியிருக்கும் 'புது' பம்பைப் பார்த்தேன். அதே நம்பர், அதே நீலப் புள்ளி. என் பம்பையே வாங்கிக்கொண்டு போய், சிக்கியிருந்த ஒரு சில்லை எடுத்துவிட்டு, துடைத்துத் திருப்பி மாட்டியிருக்கிறான். அதற்கு 9,440 ரூபாய். அந்த போட்டோவை அவனேதான் எடுக்கச் சொன்னான்!

நேற்று ராத்திரியிலிருந்து மெஷின் ஓடுகிறது. அண்ணன் ஒரு காபியோடு போய்விட்டார். காலையில் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். போட்டோ, பில், பணம் போன ரசீது எல்லாம் தயாராக இருக்கின்றன. பணம் வரும் என்று பெரிய நம்பிக்கை இல்லை.

என்னென்ன பார்க்கலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். குழிக்குள் வெறும் கையை விடாதீர்கள், கண்ணாடி கிழிக்கும். அந்தச் சின்ன மூடியைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலான மெஷின்களின் கையேட்டில் படம் போட்டிருக்கும். ஃபில்டரைத் திருப்பி மாட்டும்போது நன்றாகத் திருகிப் பூட்டுங்கள். நம்பரை வாரண்டி கார்டிலிருந்து எடுங்கள், தேடலில் முதலில் வருவதை எடுக்காதீர்கள். கழற்றிய பார்ட்டை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். தனி ஆள் பெயரில் பணம் கேட்டால் போடாதீர்கள். ஸ்டிக்கரை போட்டோ எடுங்கள், அவன் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.