கைரேகையா, இரகசிய இலக்கமா?

திருக்கடலூரில் வலை இழுக்கும் என் மாமாவின் விரல்கள் கயிற்றிலும் உப்புத் தண்ணீரிலும் தேய்ந்தவை. பாதி நாள் போன் அவற்றை அடையாளம் காண்பதில்லை. அவருடைய பயமோ வேறு: "மருமோன், என்ர கைரேகை கொம்பனிக்காரனிட்ட போயிடுமோ?"

போகாது. 2013இல் ஐபோனில் டச் ஐடி என்ற கைரேகைப் பூட்டு வந்ததிலிருந்தே விரலின் படம் சேமிக்கப்படுவதில்லை. அதிலிருந்து எடுத்த கணித வடிவம் மட்டும் சிப்புக்குள் தனியாகப் பூட்டிய பகுதியில் இருக்கும். செயலிகளுக்குக் கிடைப்பது 'பொருந்துகிறது', 'இல்லை' என்ற பதில்தான். ஆண்ட்ராய்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு.

நெரிசலான பஸ்ஸில் போனைத் திறக்க இரகசிய இலக்கத்தை அமத்தினால் பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடலாம். விரலைப் பார்த்து என்ன செய்வார்? நான்கு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 சேர்க்கைகள். ஆறு என்றால் 10 இலட்சம். (பிறந்த திகதியை வைப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.)

ஆனால் தூங்குகிறவரின் விரலைப் பிடித்துப் போனில் வைக்கலாம், மனதில் உள்ள இலக்கத்தை எடுக்க முடியாது. கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துச் செய்த போலி விரலால் டச் ஐடியை ஜேர்மனியின் கேயாஸ் கொம்பியூட்டர் கிளப் என்ற ஹேக்கர் குழு 2013இலேயே ஏமாற்றிக் காட்டியது. இலக்கம் கசிந்தால் மாற்றலாம். விரல்கள் பத்துத்தான்.

சரி, மாமாவுக்கு எது? ஆறு இலக்கம்தான். போனை அணைத்துப் போட்டால் எப்படியும் அதைத்தான் கேட்கும். கைரேகையையும் அழிக்கவில்லை, பெருவிரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு இன்னும் முயன்றுபார்க்கிறார்.