புளூடூத் உண்டு என்றார்கள், எந்தப் புளூடூத் என்று நான் கேட்கவில்லை

மகளின் சாதகத்துக்குச் சுருதிப் பெட்டி செய்யக் கிளம்பி, சென்னை ரிச்சி தெருவில் ஒரு மின்னணுக் கடையில் ஏமாந்து வந்திருக்கிறேன். நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் இருக்கும் தம்புரா ஒலியைப் புளூடூத்தில் வாங்கிப் பாட வேண்டும். கைபேசி இல்லாத நேரத்தில் பெட்டியே நான்கு தந்திகளையும் மீட்ட வேண்டும். கடைக்காரரிடம் இதை விளக்கமாகவே சொன்னேன். "இஎஸ்பி32 போதும் சார். டிஏசி, புளூடூத் எல்லாம் உள்ளேயே இருக்கிறது" என்று ஒரு பலகையை நீட்டினார். (இஎஸ்பி32 என்பது நாம் எழுதும் நிரலை ஓட்டும் சிறு கணினிச் சில்லு; டிஏசி என்பது எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் பகுதி.) 850 ரூபாய்.

இரண்டு இரவுகள் நிரலைத் திருத்தித் திருத்திப் பார்த்தேன், கணினி அதைத் தொகுக்கவே மறுத்தது. மூன்றாம் இரவு உருப்பெருக்கியை வைத்துத் தகர மூடியைப் படித்தேன்: இஎஸ்பி32-எஸ்3. பெயர்தான் உறவு, ஆள் வேறு. பழைய இஎஸ்பி32-இல் 25, 26ஆம் இணைப்புக் கால்களில் 8 பிட் டிஏசி உண்டு. எஸ்3-இல் ஒன்றுகூடக் கிடையாது. புளூடூத் இருக்கிறது, ஆனால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்இ வகை மட்டும். கைபேசி பாட்டை அனுப்பும் ஏ2டிபி முறைக்குக் கிளாசிக் வகை வேண்டும்.

திரும்பக் கொண்டுபோனால், "புது மாடல் சார், பழையதைவிட நல்லது. பிரித்த பொருளை எடுப்பதில்லை" என்றார். கோபத்தோடு போனவன், பிசிஎம்5102 டிஏசி பலகை ஒன்றையும் அவரிடமே வாங்கி வந்தேன். (என் புத்தியை என்ன சொல்ல!) சோதித்துத் தந்ததாம். சத்தமே இல்லை. தொலைபேசியில் கேட்டால், நான் எரித்துவிட்டேன் என்கிறார். பலகையின் பின்புறம் நான்கு இணைப்பு இடங்கள் பற்றவைக்கப்படாமல் திறந்தே கிடந்தன. அதில் மூன்றாவது, ஒலியை அடைக்கும் கால். அதை உயர்நிலைப் பக்கமும் மற்ற மூன்றைத் தாழ்நிலைப் பக்கமும் பற்றவைத்து, முன்பக்கம் எஸ்சிகே என்ற கடிகாரத் துடிப்புக் காலைத் தரையோடு சேர்த்தேன். உடனே பாடியது.

எஸ்3 மீது எனக்குக் கோபமில்லை. 240 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்றால், மாதிரி ஒன்றுக்கு ஏறத்தாழ 5,400 சுழற்சிகள் கிடைக்கின்றன. நான்கு தந்திக்கு அது தாராளம். ஐந்தரைக் கட்டையில் பிசிறில்லாமல் மீட்டுகிறது.

கைபேசிக்காகப் பழைய இஎஸ்பி32 ஒன்றை வேறு கடையில் சொல்லியிருக்கிறேன். மூடியின் படத்தை அனுப்பச் சொல்லி, எழுத்துகளைப் படித்த பிறகே பணம் கொடுத்தேன்.