கன்டெய்னர் பாடிக்கு எந்தப் பூட்டு: பித்தளையா, வட்டப் பூட்டா, பெட்டிக்குள் பூட்டா?

வேலூர்ப் பக்கம் மூடிய வண்டிக்குப் பூட்டு வேண்டும் என்று ஹார்டுவேர் கடையில் கேட்டால், ரப்பர் மூடி போட்ட 'வாட்டர் ப்ரூஃப்' பூட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். மழைக்கு நல்லது என்பார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் இந்த ஊரில் பூட்டைக் கெடுப்பதில் மழைக்குக் கடைசி இடம்தான். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவது வடிந்து காய்ந்துவிடும். வருஷம் பூராவும் தொல்லை கொடுப்பது பெங்களூரு நெடுஞ்சாலைப் புழுதியும், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயிலும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் ஏற்றப் போகிறவர்களுக்கு உப்பு வேறு. எனவே தண்ணீர் புகாத பூட்டு என்ற விளம்பரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே போன புழுதியும் ஈரமும் வெளியே வர வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

குட்டி யானை, தோஸ்த் மாதிரி சின்ன வண்டிகளில் கட்டும் கன்டெய்னர் பாடியை மனதில் வைத்து எழுதுகிறேன். டிராக்டருக்குப் பின்னால் இழுக்கும் மூடிய டிரெய்லருக்கும் இதே கணக்குதான்.

முதலில் பித்தளை. அலிகாரிலிருந்து வருகிற 65 மில்லிமீட்டர் பூட்டு, ஏழு லீவர், எட்டு லீவர் என்று மேலேயே பொறித்திருக்கும் (லீவர் என்பது உள்ளே சாவி தூக்கிவிடும் தகடு). பித்தளை துருப்பிடிக்காது, சரி. அதன் வளையம் இரும்பு. மேலே குரோம் முலாம் பூசியிருப்பார்கள். அந்த முலாம் வெறும் போர்வை. ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அங்கிருந்து அடியில் துரு பரவும். ஈரத்தில் பித்தளையும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது இரும்புதான். ஆகவே பழைய பித்தளைப் பூட்டு எதை எடுத்துப் பார்த்தாலும், வளையம் உடம்புக்குள் இறங்குகிற அந்தக் குழியில்தான் செம்பழுப்புத் துரு திரண்டு நிற்கும். சாவி திரும்பும், வளையம் மேலே எழும்பாது. பூட்டு மாட்டிக்கொண்டது என்பார்கள். மாட்டிக்கொண்டது வளையம்தான், உள்ளே லீவர் நன்றாகவே இருக்கும்.

லீவர் பூட்டுக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. உள்ளே தகடுகளுக்கு நடுவில் இடம் தாராளம், கொஞ்சம் புழுதி போனாலும் ஓடும். 'கம்ப்யூட்டர் சாவி' என்று விற்கிறார்களே, சாவியில் குழி குழியாக இருக்குமே, அதில் பொடிப்பொடியான ஊசிகளும் ஸ்பிரிங்குகளும் நெருக்கமான துளைகளில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக் கதவுக்கு அது அருமை. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி லாரிகளுக்குப் பின்னாலேயே ஓடும் வண்டியின் பின்கதவுக்கு அது தாங்காது.

தோல் ஏற்றுகிறவர்கள் மட்டும் பித்தளையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பதனிடும் ஷெட்டில் தோலில் ஏறிய சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் உப்பு போடும்போது அம்மோனியா வாடை வரும். இழுவிசையில் இருக்கும் பித்தளைக்கு அம்மோனியா ஆகாது, விரிசல் விட்டுவிடும். பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்கூடுகள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் கிடந்தபோது இப்படித்தான் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவானது. கெட்டியான பூட்டு உடம்புக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடாது. உள்ளே வளைந்த நிலையிலேயே இருக்கும் மெல்லிய பித்தளை ஸ்பிரிங்தான் கவலை. தோல் ஷெட்டிலேயே வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்துகிறவர்கள் வேறு வகை பார்ப்பது நல்லது.

அடுத்தது வட்டப் பூட்டு. ரொட்டித் தட்டு மாதிரி உருண்டையாக, ஒரு ஓரத்தில் மட்டும் சின்ன வாய். வளையம் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் போல்ட் கட்டரின் வாய் நுழைய இடம் கிடையாது. இதுதான் இதன் முழுப் பலம். மேல் ஓடு பெரும்பாலும் 304 ரக ஸ்டெயின்லெஸ், அதாவது சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மழைக்கும் புழுதிக்கும் அசையாது. உப்புதான் அதன் எதிரி. உப்பிட்ட பச்சைத் தோலிலிருந்து வடியும் நீர் கதவிடுக்கில் கசிந்து பட்டால், பளபளப்பான ஓட்டில் பழுப்புப் புள்ளிகள் விழும். நாளாக ஆக அவை ஊசிக் குழிகள் ஆகும். இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம் இதைத் தாங்கும், ஆனால் நம் கடைகளில் அதைக் கேட்டு வாங்குவது கஷ்டம், விலையும் பிடிக்கும். தினமும் நல்ல தண்ணீரில் ஒரு கழுவு கழுவினால் 304 ரகமே போதும்.

வட்டப் பூட்டு வாங்குமுன் கொண்டியின் கனத்தை அளந்துகொண்டு போங்கள். நம்ம ஊர் பாடி கட்டும் பட்டறைகளில் கதவுக் கைப்பிடிக்குக் கனமான பட்டையை வெட்டி வைத்து வெல்டு அடித்திருப்பார்கள். அந்தச் சின்ன வாய்க்குள் அது போகாது. கடையில் அழகாக இருந்தது, வண்டியில் மாட்டவில்லை என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் நிறைய. பூட்டின் விளிம்பில் ஒரு சின்ன வடிதுளையும் பாருங்கள், மாட்டிய பிறகு அது கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் அதே துளை தண்ணீர் சேர்க்கும் வாயாகிவிடும்.

இங்கே பலரும் குழம்புகிற இடம் ஒன்று. 'எஸ்.எஸ். பூட்டு, அறுக்கவே முடியாது' என்பார்கள். 304 ரகத்தைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்துக் கடினப்படுத்த முடியாது. போரான் கலந்து கடினப்படுத்திய இரும்பு வளையத்தோடு ஒப்பிட்டால் ஸ்டெயின்லெஸ் வளையம் இளசுதான். துருப்பிடிக்காதது எளிதாக அறுபடும், அறுபடாதது துருப்பிடிக்கும். இரண்டையும் ஒரே உலோகத்தில் கேட்டால் பணம்தான் போகும்.

அதனால்தான் எனக்கு மூன்றாவது வழி பிடிக்கிறது. பூட்டை மாற்றுவதைவிட பூட்டுக்கு ஒரு வீடு கட்டிவிடுவது. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பெட்டி. மேல்பக்கமும் மற்ற பக்கங்களும் மூடி, கீழ்ப்பக்கம் மட்டும் திறப்பு. பூட்டு அதற்குள் சாவித்துவாரம் கீழே பார்க்கத் தொங்கும். மழை நேராக விழாது, வெயில் படாது, கட்டரும் கிரைண்டர் சக்கரமும் வளையத்தை எட்டாது. உள்ளே நல்ல கடின இரும்பு வளையம் வைத்த சாதாரண லீவர் பூட்டு போதும். காட்பாடி ரோட்டில் எனக்குப் பாடி வேலை பார்க்கும் வெல்டர் அண்ணன் ஒரே வரியில் சொன்னார்: "பூட்டு இன்னா பண்ணும்பா, கொண்டியே நாலு ஸ்க்ரூல தொங்கினு கீது."

அவர் சொன்னது முக்கியம். மூன்று மில்லி தகட்டில், வெளியிலிருந்து திருகிய நாலு ஸ்க்ரூவில் கொண்டி நிற்கிறதென்றால், பூட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் வீண். தலை உருண்டையான போல்ட்டைப் போட்டு, நட்டு கதவின் உள்பக்கம் வருமாறு முறுக்க வேண்டும். கீல் வெளியே இருந்தால் அதன் ஊசியின் இரண்டு நுனியிலும் ஒரு பொட்டு வெல்டு. வெல்டு அடிக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியின் எலெக்ட்ரானிக் பாகங்கள் போகலாம். வெல்டு ஆறியதும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பெயின்ட் பூசாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பெட்டிக்கும் குறை உண்டு. ராத்திரியில் கையை விட்டுத் தடவித்தான் சாவியைப் போட வேண்டும். வண்டி கொஞ்ச நாள் ஓடாமல் நின்றால் குளவி உள்ளே மண் கூடு கட்டிவிடும், டார்ச் அடித்துப் பார்க்காமல் கையை விடக்கூடாது.

மற்ற வகைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கைவேலை, கள்ளச்சாவி போடுவது கஷ்டம், ஆனால் உடம்பு இரும்பு. பெட்டிக்குள் என்றால் தாராளமாகப் போடலாம், வெட்டவெளியில் வேண்டாம். நம்பர் பூட்டு வேண்டவே வேண்டாம், புழுதியில் சக்கரம் சுற்றாது. ரப்பர் போர்த்திய பூட்டில் வெயிலில் ரப்பர் வெடித்து, வெடிப்புக்குள் போன ஈரம் வெளியே வராது. கைரேகைப் பூட்டில் ஐபி 67 என்று போட்டிருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். மே மாத வெயிலில் தகட்டின் மேல் காயும் பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அந்த எண் சொல்லாது. ஷூ கம்பெனிகள் கதவில் போடும் பாட்டில் சீல், அதாவது ஒரு தடவை போட்டால் வெட்டித்தான் எடுக்க முடிகிற முத்திரை, பூட்டே அல்ல. வழியில் யாராவது திறந்தார்களா என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

காசை நிறையக் கொட்ட முடிகிறவர்களுக்கு ஒன்று. ஃபின்லாந்தின் அப்லாய் பூட்டில் சுழலும் தட்டுகள்தான் சாவியைச் சரிபார்க்கும், அந்தத் தட்டுகளுக்கு ஸ்பிரிங் கிடையாது. 1907-இல் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்த முறை. புழுதியிலும் பனியிலும் சிக்காது. சமையல் பாத்திரம் ஏற்றும் வண்டிக்கு அது தேவையா என்றால், எனக்குத் தேவைப்படவில்லை. கல்யாணச் சமையல் வண்டிக்குப் பெட்டிக்குள் பித்தளை லீவர். ஆம்பூரிலிருந்து ஷூ மேல்பாகம் ஏற்றி சென்னைத் துறைமுகத்துக்கு ராத்திரியில் ஓட்டுகிறவர்களுக்குப் பெட்டிக்குள் போரான் இரும்பு வளையம் வைத்த பூட்டு, பக்கக் கதவுக்கு வட்டப் பூட்டு.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். 'பித்தளை' உடம்பில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. ஒட்டாமலும், கையில் எடுத்தால் லேசாகவும் இருந்தால் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கலாம், சுத்தியல் அடிக்கு உடையும். அடிப்பக்கத்தில் கீறிப் பார்த்தால் மஞ்சளுக்குள் வெள்ளை தெரியும். வளையத்தில் மட்டும் காந்தம் நன்றாக ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் அது ஸ்டெயின்லெஸ், துருப்பிடிக்காது, ஆனால் சீக்கிரம் அறுபடும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெயும் பழைய என்ஜின் ஆயிலும் கூடாது. இரண்டும் புழுதியைப் பிடித்துப் பசையாக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட் தூள் ஊதினால் போதும். ஈரத்தோடு தூளைப் போடாதீர்கள், அதுவும் களிம்பாகிவிடும். வளையக் குழிக்கு மட்டும் தனியாக ஒரு துளி மெல்லிய தையல் மெஷின் ஆயில் விட்டு, நாலு தடவை திறந்து மூடி, வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். மழை தொடங்குமுன் ஒரு முறை, பொங்கல் கழிந்து புழுதி கிளம்பும்போது இன்னொரு முறை. தோல் வண்டிக்கு மாதாமாதம்.